கார் சக்கரம் பெரிதாகிறது! யாருக்கு லாபம்?

கார் விற்கும் ஷோரூமுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது எது? சக்கரம்!

பளபளக்கும் பெரிய சக்கரம். அதில் பூப் போன்ற வேலைப்பாடு. சுற்றிலும் மெல்லிய கறுப்பு வளையம் போல டயர்.

“இது 16 அங்குலம், சார். அடுத்த ரகம் எடுத்தால் 17 அங்குலம்” என்று விற்பனையாளர் ஆரம்பிப்பார். மகன் முகம் மலரும். தகப்பனார் விலையைக் கேட்பார். தாயார் மட்டும், “நம்ம தெரு குண்டும் குழியுமாகக் கிடக்கிறதே, இது தாங்குமா?” என்பார்.

மூன்று பேரில் சரியான கேள்வி கேட்டவர் தாயார்தான். ஆனால் அதற்கு அங்கே பதில் கிடைப்பது அபூர்வம். பெரிய சக்கரம் என்றால் பலமான சக்கரம் என்று எல்லோருமே நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை வேறு விதமாக இருக்கிறது.

12 அங்குலத்தில் இருந்து 19 அங்குலம்

1983ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மாருதி 800 கார் வெளிவந்தது. நடுத்தரக் குடும்பங்களை நம்பி வந்த கார் அது. அதன் சக்கரம் 12 அங்குலம். 2009ல் டாட்டா கம்பெனி ‘நானோ’ காரைக் கொண்டு வந்தது. ‘ஒரு லட்ச ரூபாய் கார்’ என்று பெயர் வாங்கிய அந்தக் காருக்கும் 12 அங்குலம்தான். இந்தச் சின்னச் சக்கரங்களை நம்பித்தான் எத்தனையோ குடும்பங்கள் திருப்பதிக்கும் பழனிக்கும் போய் வந்தன. ஊட்டி மலையும் ஏறின.

அந்த இரண்டு கார்களும் இப்போது தயாராவதில்லை. அந்த அளவுச் சக்கரமும் புதிய கார்களில் அருகிவிட்டது.

இன்று 15 அங்குலம் சாதாரணம். 16 அங்குலமும் சாதாரணம். ஹூண்டாய் ‘க்ரெட்டா’வில் 17 அங்குலம் உண்டு. டாட்டா ‘ஹாரியர்’ 2019ல் வந்தபோது 17 அங்குலம் வரை இருந்தது. 2023ல் அதைப் புதுப்பித்தபோது 19 அங்குலம் வரை போய்விட்டது! பாட்டரியில் ஓடும் மகிந்திரா ‘பி.இ. 6’ காருக்கும் 19 அங்குலச் சக்கரம் உண்டு.

“அந்தக் காலத்து அம்பாசடர் காருக்கே 15 அங்குலம் இருந்ததே!” என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த 15 வேறு, இந்த 15 வேறு. அம்பாசடரில் இரும்பைச் சுற்றித் தடித்த ரப்பர் இருந்தது. இப்போது இரும்பு வளர்கிறது, ரப்பர் மெலிகிறது.

நாலு மீட்டர் செய்த வேலை

சக்கரம் ஏன் இப்படி வளர்ந்தது? அழகு மோகம் ஒரு காரணம். சர்க்காரின் வரியும் இதற்குள் இருக்கிறது!

2006ஆம் ஆண்டு பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கு வரிச் சலுகை வந்தது. 4 மீட்டருக்கு மேல் நீளம் இருக்கக் கூடாது. பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்கும், டீசல் என்ஜின் 1,500 சி.சி.க்கும் மேல் போகக் கூடாது. இதற்குள் அடங்கினால் உற்பத்தி வரி 100க்கு 24ல் இருந்து 16ஆகக் குறையும் என்றார்கள்.

வரியின் பெயர் பிறகு ஜி.எஸ்.டி. என்று மாறியது. நாலு மீட்டர் கோடு மட்டும் மாறவில்லை. 2025 செப்டம்பர் 22ந் தேதி முதல் ஜி.எஸ்.டி. திருத்தப்பட்டபோதும் அதே கோடுதான். கோட்டுக்கு உள்ளே இருக்கும் பெட்ரோல், டீசல் கார்களுக்கு 100க்கு 18 வரி. வெளியே போனால் 40!

கம்பெனிகள் கணக்குப் போட்டன. நீளத்தைக் கூட்டினால் வரி ஏறும். இந்தக் கோட்டுக்குள் உயரத்தைக் கூட்டினால் ஏறாது. சக்கரத்தைக் கூட்டினாலும் ஏறாது. ஜனங்களுக்கோ ஜீப் போல உயர்ந்த கார் மேல் ஆசை. இன்று நாட்டில் விற்கும் புதிய கார்களில் பாதிக்கு மேல் அந்த ஜாதிதான். எனவே நாலு மீட்டருக்கு ஒரு சில மில்லிமீட்டர் குறைவாக நிறுத்திக்கொண்டு, உயரத்தைத் தூக்கி, பெரிய சக்கரம் மாட்டினார்கள். டாட்டா ‘நெக்சான்’, மாருதி ‘பிரெஸ்ஸா’ இரண்டும் நாலு மீட்டருக்கு உட்பட்டவை. இரண்டுக்கும் 16 அங்குலச் சக்கரம்.

நீளம் குறைந்த, உயரம் கூடிய வண்டிக்குச் சின்னச் சக்கரம் மாட்டினால் பார்க்கச் சகிக்காது. யானைக்குப் பூனைக்கால் வைத்த மாதிரி இருக்கும்! கார் பெரிதாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகச் சக்கரத்தைப் பெரிதாக்கிய கதை இது.

மூன்று நம்பர்களின் ரகசியம்

டயரின் பக்கவாட்டில் நம்பர்கள் எழுதியிருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை. கார் வைத்திருப்பவர்களிலும் பலருக்குத் தெரியாது. ஆனால் சங்கதி எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

மாருதி ‘ஸ்விப்ட்’ காரை எடுத்துக்கொள்வோம். 2018ல் வந்த புதிய ஸ்விப்டில் விலை குறைந்த ரகங்களுக்கு 14 அங்குலச் சக்கரம் கொடுத்தார்கள். விலை கூடிய ரகங்களுக்கு 15 அங்குலம்.

14 அங்குலச் சக்கரத்தின் டயரில் 165/80 ஆர் 14 என்று இருக்கும்.

165 என்பது டயரின் அகலம். மில்லிமீட்டர் கணக்கு. ஏறக்குறைய ஒரு சாண் அகலத்தில் முக்கால் பங்கு.

80 என்பது ரப்பர் சுவரின் உயரம். ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் நிற்கும் ரப்பரைத்தான் சுவர் என்பது. அது அகலத்தில் 100க்கு 80 பங்கு. அதாவது 132 மில்லிமீட்டர்.

‘ஆர்’ என்ற எழுத்து ‘ரேடியல்’ டயர் என்பதைக் குறிக்கும். உள்ளே இருக்கும் நூல் இழைகள் குறுக்கே ஓடும் ரகம். பிரான்சு நாட்டு மிஷலின் கம்பெனி 1946ல் இதற்கு உரிமை பதிவு செய்தது. இப்போது வரும் கார்களுக்கெல்லாம் இதுதான்.

கடைசியில் வரும் 14தான் எல்லோரும் பேசும் அங்குலம். அது முழுச் சக்கரத்தின் உயரம் அல்ல! நடுவில் இருக்கும் உலோக ரிம்மின் குறுக்களவு மட்டுமே.

இப்போது 15 அங்குலச் சக்கரத்தைப் பார்க்கலாம். அதன் டயர் 185/65 ஆர் 15. அகலம் 185 மில்லிமீட்டர். சுவர், அதில் 100க்கு 65 பங்கு. அதாவது சுமார் 120 மில்லிமீட்டர்.

இரண்டு சக்கரங்களின் மொத்த உயரத்தையும் கூட்டிப் பார்த்தால் வேடிக்கை புரியும். ரிம்மும், மேலே ஒரு சுவரும், கீழே ஒரு சுவரும் சேர்ந்ததுதான் மொத்த உயரம். 14 அங்குலச் சக்கரத்துக்குச் சுமார் 620 மில்லிமீட்டர் வருகிறது. 15 அங்குலச் சக்கரத்துக்கு ஏறக்குறைய 622 மில்லிமீட்டர்.

வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர்! கார் உயரவில்லை. தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளி கூடவில்லை. நடந்தது ஒன்றுதான். ரிம் ஒரு அங்குலம் கூடியது. அதற்கு இடம் கொடுக்க ரப்பர் குறைந்தது. குழியில் விழும்போது அடியைத் தாங்கும் மெத்தை 132ல் இருந்து 120 மில்லிமீட்டராக இளைத்தது.

பெரிய சக்கரம் என்று பேசுகிறோம். உண்மையில் கூடுதல் பணம் கொடுத்து வாங்குவது குறைந்த ரப்பரை!

மாட்டு வண்டியும் மினி காரும்

“மாட்டு வண்டிக்கு ஆள் உயரச் சக்கரம் எதற்கு வைத்தார்கள்? மேடு பள்ளத்தில் பெரிய சக்கரம்தானே நல்லது?” என்று ஒருவர் மடக்கலாம்.

ஆம், நல்லதுதான். ஒரு சாண் அகலக் குழி. அதன் மேல் சின்னச் சக்கரம் போனால் உள்ளே இறங்கிவிடும். பெரிய சக்கரம் குழியின் இரு கரையையும் தொட்டுக்கொண்டு தாண்டிவிடும். வண்டிப் பாதையில் கிடக்கும் கல்லையும் அது சுலபமாக ஏறி இறங்கும். கிராமத்துத் தச்சருக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம்.

ஆனால் தச்சர் பெரிதாக்கியது முழுச் சக்கரத்தை. கார் கம்பெனி பெரிதாக்குவது பெரும்பாலும் நடுவில் உள்ள ரிம்மை. குழியைத் தாண்ட உதவுவது முழு உயரம். அந்த உயரம் கூடாமல் அங்குலம் மட்டும் கூடினால் தச்சரின் சாட்சி செல்லாது.

சக்கரத்தை வேண்டுமென்றே சிறிதாக்கிய மனிதரும் ஒருவர் உண்டு. அவர் இங்கிலாந்தில் இருந்த மோட்டார் நிபுணர் அலெக் இசிகோனிஸ். 1956ல் சூயஸ் கால்வாய்ச் சண்டையினால் அங்கே பெட்ரோல் பஞ்சம் வந்தது. குறைந்த பெட்ரோலில் ஓடும் சின்னக் கார் வேண்டும் என்றார்கள் கம்பெனி முதலாளிகள். அம்பாசடரின் மூலமான ‘மாரிஸ் ஆக்ஸ்போர்டு’ காரைத் தயாரித்த அதே கம்பெனிதான்.

இசிகோனிஸ் பத்தடி நீளத்தில் நாலு பேர் உட்காரும் காரைப் போட்டார். 1959ல் வெளிவந்த ‘மினி’ அதுதான். உள்ளே இடம் வேண்டுமானால் சக்கரம் இடத்தை அடைக்கக் கூடாது. ஆகவே சக்கரத்தைப் பத்து அங்குலமாகக் குறைத்தார்! அந்த அளவில் காருக்கு ஏற்ற டயர் அப்போது இல்லை. டன்லப் கம்பெனி புதிதாகச் செய்து கொடுத்தது.

சின்னச் சக்கரத்திலும் குறை உண்டு. தூரம் ஒன்றே ஆனாலும் அது அதிகம் சுழல வேண்டும். பழைய மாருதி 800ன் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 627 தடவை சுழலும். ஸ்விப்டின் சக்கரம் சுமார் 514 தடவை சுழன்றால் போதும். அதிகம் சுழன்றால் அதிகம் சூடேறும். குழியிலும் அதிகம் இறங்கும். பெரிய பிரேக் வைக்க உள்ளே இடமும் இருக்காது. மினி காருக்கே 1984ல் பத்து அங்குலத்தை விட்டு 12 அங்குலத்துக்கு வந்துவிட்டார்கள்.

குழியில் விழுந்தால்...

மழைக்காலம். ரோட்டில் தண்ணீர். குழி இருக்கும் இடம் தெரியவில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்த கார் ‘தடால்’ என்று விழுகிறது.

அந்த ஒரு நொடியில் நடப்பது இதுதான். குழியின் விளிம்பு டயரை ரிம்மோடு சேர்த்து நசுக்குகிறது. ரப்பர் சுவர் உயரமாக இருந்தால் அது மடங்கி, அடியை வாங்கி, திரும்ப நிமிரும். சுவர் குட்டையாக இருந்தால் மடங்க இடமில்லை. ரிம்மே குழியின் விளிம்பில் மோதுகிறது.

அப்போது ரிம் வளையலாம். அலுமினியக் கலப்பில் செய்த ‘அலாய்’ ரிம் விரிசலும் விடலாம். சாதாரண இரும்பு ரிம் வளைந்தால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். விரிந்த அலாய் ரிம்மைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பற்ற வைத்துத் தருகிறோம் என்று சொல்லும் கடைகள் உண்டு. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிற வண்டிக்கு அந்தச் சிக்கனம் வேண்டாம்.

வெளியே தெரியாத சேதம்தான் அதிக ஆபத்து. டயர் சுவருக்குள் இருக்கும் நூல் இழைகள் அறுந்துபோகும். சில நாள் கழித்து அந்த இடத்தில் முட்டை போல ஒரு புடைப்பு கிளம்பும். காற்று இறங்கவில்லையே என்று சிலர் அப்படியே ஓட்டுகிறார்கள். வெயிலில், வேகத்தில், முழுச் சுமையோடு போகும்போது அது வெடிக்கலாம். புடைத்த டயரை உடனே கழற்றிவிட வேண்டும். அதற்கு ஒட்டுப் போட வழி கிடையாது.

நம் நாட்டு ரோடுகளில் இது சின்ன விஷயம் அல்ல. ரோட்டுக் குழிகளால் நேர்ந்த விபத்துக்களில் 2022ல் மட்டும் 1,800க்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழந்ததாக மத்திய சர்க்காரின் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட விபத்து அறிக்கை கூறுகிறது. சைக்கிள், மோட்டார் சைக்கிள், கார், லாரி எல்லா விபத்துக்களும் சேர்ந்த கணக்கு அது. ரோடு சரியாகும் வரை ரப்பர்தான் காப்பு.

பெட்ரோல் கணக்கு

திருகையில் மாவு அரைத்தவர்களுக்கு ஒன்று தெரியும். கல் கனமாக இருந்தால் சுற்ற ஆரம்பிப்பதுதான் கஷ்டம். அதிலும் கனம் விளிம்பில் இருந்தால் இன்னும் கஷ்டம். கார் சக்கரமும் அப்படியே. ரிம் பெரிதானால் கனம் நடுவை விட்டு வெளிப்பக்கம் போகிறது. ஒவ்வொரு சிக்னலிலும் நின்று புறப்படும்போது என்ஜின் அதைச் சுழற்றிவிட வேண்டும். டயர் அகலமானால் எதிர்க்காற்றும் கூடுதலாக இடிக்கும்.

2010ல் ‘கார் அண்ட் டிரைவர்’ என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகை ஒரு பரீட்சை செய்தது. ஒரே போக்ஸ்வாகன் ‘கோல்ப்’ காருக்கு 15 அங்குலத்தில் ஆரம்பித்து 19 அங்குலம் வரை ஐந்து விதச் சக்கரங்களை மாற்றி மாற்றிப் பூட்டி ஓட்டினார்கள். 19 அங்குலத்துக்குப் போனபோது பெட்ரோலில் கிடைக்கும் தூரம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்தது. கார் வேகம் எடுக்கும் நேரமும் 100க்கு 4 அளவில் கூடியது. அதே சமயம், வளைவில் ரோட்டைப் பிடிக்கும் சக்தி அதிகரித்தது.

பத்தில் ஒரு பங்கு என்பது 15ல் இருந்து 19க்குத் தாவியதற்கு. ஒரு அங்குல மாற்றத்துக்கு நஷ்டம் அவ்வளவு இராது. ஆனாலும் பாட்டரிக் கார் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நடுவழியில் சார்ஜ் தீர்ந்தால் கேனில் வாங்கி ஊற்ற முடியாது! அமெரிக்காவில் டெஸ்லா கார்களுக்கு, ஒரே காரானாலும், இந்தச் சக்கரத்துக்கு இவ்வளவு தூரம், அந்தச் சக்கரத்துக்கு அவ்வளவு தூரம் என்று தனித்தனியாக அறிவிக்கிறார்கள். இங்கே ஷோரூமில் கேட்டால் பொதுவாக ஒரு நம்பர்தான் சொல்கிறார்கள். எந்தச் சக்கரத்துக்கு என்று கேட்பாரும் இல்லை.

டயர் மாற்றும்போது வரும் செலவு தனி. சாதாரணமாக, அங்குலமும் அகலமும் கூடக் கூட டயரின் விலை ஏறும். நாலு டயர் என்றால் அந்த வித்தியாசம் நாலு மடங்கு. 2025 செப்டம்பரில் டயருக்கும் ஜி.எஸ்.டி. 100க்கு 28ல் இருந்து 18ஆகக் குறைந்தது. அது ஓர் ஆறுதல். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், திருவொற்றியூர், அரக்கோணம் என்று சென்னையைச் சுற்றிலுமே பெரிய டயர் தொழிற்சாலைகள் இருக்கின்றன. இருந்தாலும், சிற்றூர்க் கடையில் 14 அங்குல டயர் கேட்டால் எடுத்துத் தருவார்கள். 19 அங்குலம் கேட்டால், “சொல்லி வரவழைக்கிறோம்” என்பார்கள்.

பெரிய சக்கரத்துக்கும் நியாயம் உண்டு

பெரிய ரிம் எல்லாமே வீண் பகட்டு என்று சொல்லிவிட முடியாது. கனமான காருக்குப் பெரிய பிரேக் வேண்டும். பிரேக் தட்டு ரிம்முக்குள்தான் அடங்க வேண்டும். பாட்டரிக் கார்கள் கனம் அதிகம். அவற்றின் சுமையைத் தாங்க டயரும் பெரிதாக வேண்டும்.

சுவர் குட்டையான டயர் வளைவில் அதிகம் நெளியாது. ஸ்டீரிங்கைத் திருப்பியதும் கார் உடனே திரும்பும். நல்ல நெடுஞ்சாலையில் தினமும் வேகமாகப் போகிறவருக்கு அது ஒரு பலம். உலர்ந்த ரோட்டில் அகலமான டயர் நன்றாகப் பிடிக்கும். ரோட்டில் தண்ணீர் தேங்கினால் கதை மாறும். அகலமான டயருக்குக் கீழே இருந்து தண்ணீர் விலகிப் போக நேரம் பிடிக்கும். வேகமாகப் போனால் டயர் தண்ணீரின் மேல் மிதக்கப் பார்க்கும். டயரின் பள்ளங்கள் தேய்ந்திருந்தால் ஆபத்து இரட்டிப்பு. கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் ஓட்டக் கூடாது என்பது விதி.

கடையில் மாற்றினால்?

கம்பெனி கொடுத்த சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெளிக்கடையில் பெரிய சக்கரம் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் வாலிபர்கள். இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது.

கார் எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதை ஸ்பீடாமீட்டர் சக்கரத்தின் சுற்றுக்களை வைத்துத்தான் கணக்கிடுகிறது. முழுச் சக்கரத்தின் உயரம் 100க்கு 5 கூடிவிட்டால், மீட்டர் 60 காட்டும்போது கார் 63 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 105 கிலோமீட்டர் ஓடியிருக்கும். மீட்டர் 100 என்று எழுதும். டயர் மட்கார்டில் உரசலாம். சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டால் பேரிங் சீக்கிரம் தேயும்.

சட்டமும் இருக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு வழங்கியது. கேரளத்தில் இருந்து வந்த வழக்கு அது. தயாரித்த கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாக வாகனத்தை மாற்றி அமைக்கக் கூடாது என்று கோர்ட்டு கூறியது. அதே ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டமும் கடுமையாகத் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் விதிக்கலாம்! விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்களோடும் வழக்காட வேண்டி வரும்.

எந்த அளவு டயர் போடலாம் என்பது காரிலேயே எழுதியிருக்கிறது. டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டயர் அளவும் காற்றின் அளவும் அதில் இருக்கும். காரோடு கொடுத்த புத்தகத்திலும் இருக்கும்.

ஸ்டெப்னி எங்கே?

சக்கரம் பெரிதானதால் இன்னொன்று சிறிதாகிவிட்டது. அது ஸ்டெப்னி!

(இங்கிலாந்துக்கு மேற்கே வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்று ஓர் ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் இரண்டு சகோதரர்கள் 1904ல் உதிரிச் சக்கரம் செய்து விற்றார்கள். அந்தத் தெருவின் பெயர்தான் நம் ஊர் பஞ்சர் கடை வரை வந்திருக்கிறது.)

பெரிய சக்கரம் டிக்கியில் இடத்தை அடைக்கும். அதனால் பல கார்களில் நாலு பக்கமும் பளபளக்கும் பெரிய சக்கரம்; உள்ளே ஸ்டெப்னி மட்டும் சின்ன அளவில் ஓர் இரும்புச் சக்கரம். அதை மாட்டினால் பஞ்சர் கடை வரை மெதுவாகப் போகலாம். ஊர் போய்ச் சேர முடியாது. இன்னும் சில கார்களில் ஸ்டெப்னியே கிடையாது. காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவியும், டயரை ஒட்டும் சாமான் பெட்டியும் இருந்தால் ஸ்டெப்னி வேண்டியதில்லை என்று 2020ல் சர்க்கார் விதியைத் தளர்த்தியது. ஆணி குத்தினால் அந்தப் பெட்டி போதும். குழியில் விழுந்து டயர் சுவர் கிழிந்தால் பெட்டியால் ஆவது ஒன்றும் இல்லை. ராத்திரியில், குழந்தை குட்டிகளோடு, ஊருக்கு வெளியே நிற்கும் குடும்பத்துக்கு இது பெரிய கஷ்டம். கார் வாங்கும்போதே டிக்கியைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.

தேர்ந்தெடுப்பது யார்?

சரி, தாயார் சொன்னபடி சின்ன ரிம் போதும் என்று குடும்பம் முடிவு செய்துவிட்டது. கிடைக்குமா?

இங்கேதான் முடிச்சு விழுகிறது. நம் நாட்டில் காரை ரகம் ரகமாக விற்கிறார்கள். விலை குறைந்த ரகத்தில் சின்ன ரிம், தடித்த டயர். விலை கூடிய ரகத்தில் பெரிய ரிம். ஆனால் பின்னால் பார்க்க உதவும் காமிரா, பின் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர், நல்ல விளக்கு போன்ற வசதிகளையும் பெரும்பாலும் விலை கூடிய ரகத்தோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். “காமிரா வேண்டும், பெரிய ரிம் வேண்டாம்” என்று சொன்னால், “அப்படி ரகம் இல்லை, சார்” என்று பதில் வரும்.

ஆகவே பல குடும்பங்கள் பெரிய ரிம்மைத் தேர்ந்தெடுப்பதில்லை. அது அவர்கள் தலையில் கட்டப்படுகிறது. பிறகு, “ஜனங்கள் பெரிய சக்கரத்தைத்தான் கேட்கிறார்கள்” என்று விற்பனைக் கணக்கைக் காட்டுகிறார்கள். இது கொஞ்சமும் நியாயம் இல்லை. மேல் ரகத்திலும் சின்ன ரிம் கேட்டு வாங்கும் உரிமையைக் கொடுப்பதில் கம்பெனிக்குப் பெரிய நஷ்டம் எதுவும் வந்துவிடாது. அந்த ரிம்மும் டயரும் அதே தொழிற்சாலையில், அதே காருக்காகவே தயாராகின்றன.

அதுவரை ஒரு வழி இருக்கிறது. மேல் ரகக் கார் வாங்கியவர், முதல் டயர்கள் தேய்ந்து மாற்றும் நாளில், அதே காரின் கீழ் ரகத்துக்குக் கம்பெனி கொடுக்கும் ரிம்மையும் டயரையும் பற்றி விசாரிக்கலாம். பிரேக்கில் இடிக்காதா, புத்தகத்தில் அந்த அளவு அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. இரும்பு ரிம் நாலும் வாங்க ஆகும் செலவில் ஒரு பகுதியை, கழற்றிய அலாய் ரிம்களை விற்று ஈடு கட்டலாம். அவற்றை வாங்கிக்கொள்ள ஆள் தேட வேண்டியதில்லை.